பழைய குற்றமும் பதிவேடும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் பெருஞ்சாலையில், வளைவின் மேல் வளைவாக வழி உயர்ந்துகொண்டே போகும் இடத்தில் அமைந்திருப்பது இறம்பொடை. ஒரு புறம் நூறு மீற்றருக்கும் மேலான உயரத்திலிருந்து விழும் அருவி. மறுபுறம் கொத்மலை நீர்த்தேக்கத்தை நோக்கிச் சரியும் பள்ளத்தாக்கு. இடையே மலைச்சரிவெங்கும் தேயிலை. அருவியைக் காண வரும் வெளியூரார் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவர். சுற்றியுள்ள தோட்டங்களின் லயன்களில் வாழ்வோருக்கோ அந்த நீரின் ஓசை பிறந்த நாள்முதல் கேட்டுப் பழகிய ஓசை. மலையிலிருந்து இறங்கிய நீர் மீண்டும் மலைக்கு ஏறுவதில்லை. மனிதன் செய்த செயலும் அத்தகையதே. நடந்ததை நடவாததாக்க எவராலும் இயலாது. ஆனால், நடந்து முடிந்த ஒன்று எத்தனை காலத்துக்கு ஒருவன் பெயருடன் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை மனிதரே தீர்மானிக்கின்றனர். அதற்கென்று சட்டமும் செய்கின்றனர்.

தோட்டப்புறத்தில் எங்கும் நிகழக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன். தோட்டத்து மாரியம்மன் திருவிழா இரவில் இரு லயத்தாருக்கிடையே வாய்ச்சண்டை மூண்டு கைகலப்பாக முடிகிறது. ஒருவனுக்குச் சிறு காயம். பொலிசார் வருகின்றனர், வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகிறது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாட் பேர் போகிறது. பஸ் கூலியும் போகிறது. “குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டம் கட்டிவிட்டு வந்துவிடலாம், எதற்கு இந்த அலைச்சல்?” என்று யாரோ சொல்கிறார். அவன் ஒப்புக்கொள்கிறான், தண்டம் கட்டுகிறான், வீடு திரும்புகிறான். அன்றோடு அந்த விஷயம் முடிந்தது என்று அவனும் நினைக்கிறான். அவன் தாயும் நினைக்கிறாள்.

ஆண்டுகள் பதினைந்து கழிகின்றன. அவன் இப்போது சாரதித் தொழில் தெரிந்தவன். இரு பிள்ளைகளுக்குத் தந்தை. பின்னர் எந்த வழக்கிலும் சிக்காதவன். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் சாரதி வேலைக்கு விண்ணப்பம் கோரப்படுகிறது. படிவத்தில் ஒரு வினா: “நீதிமன்றம் ஒன்றினால் நீர் எப்போதாவது குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டுள்ளீரா?” அந்த ஒரு வரியின்முன் அவன் பேனா நின்றுவிடுகிறது. “ஆம்” என்றால் வேலை கிடைக்குமோ என்ற அச்சம். “இல்லை” என்றால் பொய்யுரைத்த பழி. பதினைந்து ஆண்டு ஒழுங்காக வாழ்ந்ததைக் குறிப்பிட அந்தப் படிவத்தில் ஓர் இடமும் இல்லை.

இந்த இளைஞனின் கேள்வியே இங்கு ஆராயப்படுவது. பழைய குற்றத்தீர்ப்பு ஒன்று எப்போது ஒருவனுடைய பதிவிலிருந்து நீங்குகிறது? நீங்குவதே இல்லையா?

விடை காணுமுன் சில சொற்களின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்ளல் நன்று. முறைப்பாடு, கைது, குற்றச்சாட்டு, குற்றத்தீர்ப்பு, தண்டனை ஆகிய ஐந்தும் ஒன்றல்ல. ஒருவன்மேல் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதப்பட்டதனால் அவன் குற்றவாளியாகிவிடுவதில்லை. கைது செய்யப்பட்டாலும், விளக்கமறியலில் வைக்கப்பட்டாலும் அவ்வாறே. குற்றம் எண்பிக்கப்படும் வரை எவரும் சுற்றவாளியாகவே கொள்ளப்படுவர் என்பது இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை தரும் உறுதி. நீதிமன்றம் விசாரித்து, அல்லது எதிரி தாமே ஒப்புக்கொண்டதன் பேரில், “குற்றவாளி” என்று தீர்க்கும்போதே குற்றத்தீர்ப்பு உண்டாகிறது. அதன்பின் விதிக்கப்படுவது தண்டனை. சிறைக்குப் போகாமல் தண்டம் மட்டும் கட்டியவர் பலர், “எனக்குத் தண்டனை ஒன்றும் இல்லை” என்று சொல்லிக்கொள்வதுண்டு. அது தவறு. தண்டம் கட்டியவரும் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவரே. படிவத்து வினா சிறைக்குச் சென்றீரா என்று கேட்கவில்லை; குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டீரா என்றே கேட்கிறது.

இனி, பதிவு எங்கே இருக்கிறது? அது ஓரிடத்தில் மட்டும் இருப்பதன்று. வழக்கேடு நீதிமன்றத்தில் இருக்கிறது. பொலிஸ் நிலையத்தின் பதிவேடுகளில் ஒரு குறிப்பு இருக்கிறது. விரலடையாளமும் முன்னைய குற்றத்தீர்ப்புகளும் பொலிஸ் திணைக்களத்தின் குற்றப் பதிவுப் பிரிவில் சேர்கின்றன. 1926ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குற்றத் தடுப்புக் கட்டளைச் சட்டம் இத்தகைய ஏற்பாடுகளுக்குப் பழைய அடிப்படையாகும். வெளிநாடு செல்வோர் கோரும் பொலிஸ் தடையகற்றற் சான்றிதழைப் பொலிஸ் தலைமையகம் வழங்குகிறது. விண்ணப்பகாரர் வாழ்ந்த பிரதேசத்துப் பொலிஸ் நிலையத்தில் விசாரித்தும், வைத்திருக்கும் பதிவுகளோடு ஒப்புநோக்கியுமே அது தரப்படுகிறது. ஆகவே நுவரெலியாவிலோ ஹற்றனிலோ ஒரு நாட் காலையில் முடிந்துபோன சிறு வழக்கு, காகிதத்தில் நெடுங்காலம் உயிரோடிருக்கிறது.

நேயர்கள் பலர் ஒன்றைக் கேட்கக்கூடும்: “இத்தனை ஆண்டு கழிந்தால் அது தானாக அழிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?” இலங்கையில் அவ்வாறான பொதுச் சட்டம் இல்லை. ஐந்து ஆண்டு சென்றால், பத்து ஆண்டு சென்றால், பழைய குற்றத்தீர்ப்பு இல்லாததாகக் கொள்ளப்படும் என்று கூறும் சட்டம் எதுவும் இந்நாட்டில் இயற்றப்படவில்லை. அவ்வாறு உண்டென்று எவரேனும் சொல்லிப் பணம் கேட்பாராயின், அவரை நம்புதல் தகாது. எனினும், இந்நாட்டுச் சட்டம் பழையதை ஒருபோதும் மறப்பதில்லை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. சில இடங்களில் அது மறக்கிறது. சில இடங்களில் எழுதாமலே விடுகிறது. சில இடங்களில் எழுதியதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்கிறது. அவற்றை அறிந்திருத்தலே குடிமகனுக்குப் பயன் தருவது.

கண்ணை மூடிக்கொள்ளும் இடத்தை முதலில் காண்போம். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி, குற்றவியல் வழக்கில் எதிரி கெட்ட நடத்தையுடையவன் என்பது, அவன் தன் நல்லொழுக்கத்தைச் சான்றாகக் கொண்டுவந்தாலன்றிப் பொதுவாகப் பொருத்தமற்ற செய்தி. முன்னொருகால் திருடியவன் என்பதனால் இன்றைய திருட்டையும் அவனே செய்திருப்பான் என்று நீதிமன்றம் கொள்ளக்கூடாது என்பது இதன் உட்கருத்து. தீர்ப்பு முடிந்தபின், தண்டனையின் அளவை முடிவுசெய்யும்போது முன்னைய குற்றத்தீர்ப்புகள் கருதப்படும், அது வேறு. நீதிமன்றமே பழைய ஏட்டைத் தக்க வேளை வரும்வரை மூடி வைக்கிறது. படிவம் தயாரிக்கும் அலுவலகங்களும் வேலை கொடுப்போரும் இந்த நிதானத்தை எண்ணிப் பார்ப்பது நன்று.

அடுத்து, எழுதாமலே விடும் இடம். இதுவே மேற்சொன்ன இளைஞனுக்கு மிக முக்கியமானது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு நீதவானுக்கு ஓர் அரிய அதிகாரத்தை அளிக்கிறது. குற்றச்சாட்டு எண்பிக்கப்பட்டதென்று நீதவான் கருதினாலும், எதிரியின் நடத்தை, முன்வரலாறு, வயது, உடல்நலம், மனநிலை ஆகியவற்றையோ, குற்றம் அற்பமானது என்பதையோ, அது நிகழ்ந்த சூழ்நிலையையோ கருத்திற்கொண்டு, தண்டிப்பது உசிதமன்று என்று கண்டால், குற்றத்தீர்ப்புக்குச் செல்லாமலே அவனை விட்டுவிடலாம். எச்சரித்து விடலாம், அல்லது, மூன்று ஆண்டுக்கு மேற்படாத காலத்துக்கு நன்னடத்தையுடன் இருப்பதாகவும், அழைத்தபோது குற்றத்தீர்ப்புக்கும் தண்டனைக்கும் தோன்றுவதாகவும் பிணைமுறி எழுதுவித்து விடலாம். அக்காலத்தை ஒழுங்காகக் கழித்தவன் சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவன் அல்லன். பிணையை மீறினாலோ, பழைய வழக்கிலேயே தீர்ப்பும் தண்டனையும் வந்து சேரும். இந்த அதிகாரம் புதியதன்று. 1898ஆம் ஆண்டின் பழைய நடவடிக்கைக் கோவையிலும் 325ஆம் பிரிவாக இருந்ததே. 1944ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஏற்படுத்திய நன்னடத்தை மேற்பார்வையும், 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் ஏற்படுத்திய சமுதாயஞ்சார் சீர்திருத்தமும், சிறைக்குப் பதிலாக வேறு வழி காட்டும் அதே நோக்கின் தொடர்ச்சி எனலாம்.

பத்தொன்பது வயதில், முதன்முறை நீதிமன்றம் ஏறிய ஒருவன், திருவிழாக் கைகலப்பில் ஒருவனுக்குச் சிறு காயம் விளைவித்த வழக்கில், இந்தப் பிரிவின் தயவைக் கோரியிருக்கலாம். நீதவான் ஏற்பதும் மறுப்பதும் அவருடைய விருப்பத்தைப் பொறுத்தது. ஆனால், கோருவதற்கே வழி உண்டு என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. தண்டம் கட்டினால் தொல்லை முடியும் என்று மட்டுமே சொன்னார்கள். சில நாட்களின் பேரையும் பஸ் கூலியையும் மிச்சப்படுத்தியவன், பதினைந்து ஆண்டு கழித்து ஒரு வாழ்வுத் தொழிலையே இழக்கும் நிலைக்கு ஆளாகிறான். அறியாமையின் விலை தண்டப்பணத்தைவிடப் பெரிது.

இன்னொரு வழியும் அவனுக்கு இருந்தது. காயப்பட்டவரும் காயப்படுத்தியவரும் சமாதானமாகித் தீர்த்துக்கொள்ளக்கூடிய சிறு குற்றங்களைச் சட்டக்கோவையின் 266ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. அவ்வாறு இணக்கமாகத் தீர்க்கப்பட்டால் அது விடுதலை செய்யப்பட்டதன் பயனையே தரும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் இத்தகைய பிணக்குகளைத் தீர்த்துவைப்பதற்கென்றே ஏற்பட்டவை. அயல் லயத்தில் வாழ்கிறவர்கள், ஒரே மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள், ஒரே கோவிலில் கும்பிடுகிறவர்கள்; அவர்களுக்குள் மூண்ட சண்டைக்கு மத்தியஸ்தமே மேலான மருந்து. அங்கே முடிந்த வழக்கு எவருடைய பெயருக்கும் மாசு சேர்ப்பதில்லை.

மூன்றாவது, சட்டம் உண்மையாகவே மறக்கும் இடம். அது வாக்குரிமை. மலையகத் தமிழருக்கு வாக்கு என்பது சாதாரணச் சொல்லன்று. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலைநாட்டிலிருந்து அம்மக்களின் பிரதிநிதிகள் பாராளுமன்றம் சென்றனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களில் மிகப் பெரும்பாலோரைத் தேருநர் இடாப்பிலிருந்து நீக்கின. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1986, 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் எனப் படிப்படியாக வந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் நாடற்றவர் என்ற நிலை பெரிதும் நீங்கிற்று. குற்றம் ஏதும் செய்யாமலே நாற்பது ஐம்பது ஆண்டு வாக்கிழந்து நின்ற ஒரு சமூகத்துக்கு, குற்றம் செய்தவன் எப்போது வாக்கை மீண்டும் பெறுகிறான் என்ற வினாவின் கனம் நன்கு புரியும்.

அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரை இதற்கு விடை சொல்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்துக்காக, ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு அதை அனுபவித்துக்கொண்டிருப்பவரும், அனுபவித்து முடித்து ஏழு ஆண்டு ஆகாதவரும் தேருநராயிருக்கத் தகுதியற்றவர். இதன் பொருளை ஒரு கணக்கால் விளக்கலாம். தண்டம் மட்டும் கட்டியவர் வாக்கை ஒரு நாளும் இழப்பதில்லை. நான்கு மாதம் சிறையிருந்தவரும் இந்த விதியால் இழப்பதில்லை. பாரிய குற்றமொன்றுக்காக ஓராண்டு சிறையிருந்து 2015இல் வெளிவந்தவர், 2022இல் அந்த ஏழு ஆண்டையும் கடந்துவிட்டார். தகுதியீனம் தானாகவே நீங்கியது. எவரிடமும் மன்றாட வேண்டியதில்லை. இடாப்பில் பெயர் சேர்க்கும் காலத்தில் கிராம உத்தியோகத்தரிடம் பதிந்துகொள்வதே போதும். “ஒருமுறை மறியலுக்குப் போனவனுக்கு ஆயுளுக்கும் வோட்டு இல்லை” என்று லயன்களில் வழங்கும் பேச்சு ஆதாரமற்றது.

ஏழு ஆண்டு என்ற இந்த எல்லை ஆழ்ந்து நோக்கத்தக்கது. நாட்டை ஆள்வோரைத் தெரிவுசெய்யும் உரிமை, குடிமகனின் உரிமைகளுள் தலையாயது. அதனையே ஏழு ஆண்டின்பின் சட்டம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அப்படியிருக்க, சாரதி வேலைக்கான படிவமோ முப்பது ஆண்டுக்கு முந்திய சிறு தண்டத்தையும் கேட்கிறது. ஒருவனை நாட்டின் அரசைத் தெரிவுசெய்ய நம்பலாம். வண்டியோட்ட நம்பலாமா என்பதற்குக் கால எல்லையே இல்லை. இந்த முரண்பாட்டுக்கு நியாயம் காண்பது அரிது.

மன்னிப்பு என்ற வழியும் உண்டு. அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை சனாதிபதிக்கு மன்னிப்பளிக்கும் அதிகாரத்தை வழங்குகிறது. பூரண மன்னிப்புப் பெற்றவருக்கு, வாக்குரிமை பற்றிய தகுதியீனம் மன்னிப்பு வழங்கப்பட்ட நாளோடு ஒழிகிறது. அத்தகுதியீனத்தின் காலத்தைக் குறைக்கவும் அவ்வுறுப்புரை இடமளிக்கிறது. ஆனால், அது ஆட்சித் தலைவரின் தயவு. அனைவருக்கும் கிட்டும் உரிமை அன்று. மலையுச்சி லயனில் வாழும் தொழிலாளி ஒருவன் தண்டம் கட்டிய பழைய வழக்குக்காகக் கொழும்புவரை மனுக்கொண்டு போவான் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

காகிதம் ஒன்று மனிதனைத் தொடர்ந்து வரும் கொடுமை மலைநாட்டுக்குப் புதியதன்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்கீழ், அறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்குவதே குற்றம். அதற்குச் சிறைத்தண்டனை உண்டு. இன்றைக்கு ஒருவன் வேலையை விட்டு நின்றால் அது அவன் விருப்பம். அன்றைக்கோ அவன் குற்றவாளி. அதே காலத்தில் “துண்டு” என்ற ஒரு கடதாசி வழங்கிற்று. தொழிலாளிமேல் உள்ள கடன் இவ்வளவு என்றும், அதனைச் செலுத்துவோர் அவனை எடுத்துக்கொள்ளலாம் என்றும் அக்கடதாசி கூறும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மனிதன் போகுமுன் துண்டு போயிற்று. துண்டில்லாதவனுக்கு வேலையில்லை. 1921இல் சட்டம் அதனை ஒழித்தது. தொழிலைவிட்டு நீங்கியதற்காகச் சிறையிடும் விதிகளும் அக்காலத்தை ஒட்டியே நீங்கின. ஒரு தலைமுறையில் குற்றம் எனப்பட்டது மறுதலைமுறையில் குற்றமன்று என்றாயிற்று. ஆனால், இடையில் சிறைசென்று வந்த தொழிலாளரின் இழந்த பெயரைத் திருப்பிக் கொடுத்தவர் எவர்?

பின்னரும், தோட்டத் தகராறுகள் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போவது நிற்கவில்லை. 1940களில் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தில், கிராம விஸ்தரிப்புக்காகக் காணி எடுக்கப்பட்டபோது, தாம் வாழ்ந்த லயன்களை விட்டுப் போக மறுத்த தொழிலாளர்மேல் குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. அத்தகராறிலிருந்து எழுந்த வழக்கில், 1950இல் இலண்டன் கோமறைக் கழகம் ஒரு விளக்கம் தந்தது: தமக்கு உரிமை உண்டென்று மெய்யாகவே நம்பி ஓரிடத்தில் இருப்பவரின் செயல், அதனால் மற்றவருக்குத் தொல்லை விளையும் என்பது தெரிந்திருந்தது என்ற காரணத்தால் மட்டும் குற்றமாகிவிடாது என்பதே அது. குற்றத்தீர்ப்பு என்ற ஒரே சொல்லுக்குள் திருட்டும் இருக்கலாம். வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்ற பிடிவாதமும் இருக்கலாம். பதிவேட்டின் ஒற்றை வரி இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

பிற நாடுகள் என்ன செய்துள்ளன? இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டில் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டம் இயற்றப்பட்டது. குறித்த காலம் குற்றமின்றிக் கழித்தவரின் பழைய குற்றத்தீர்ப்பு “தீர்ந்துபோனது” எனக் கொள்ளப்படும். பெரும்பாலான வேலைகளுக்கு அதனை வெளியிட வேண்டியதில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2023 ஒக்டோபர் 28 முதல் வழங்கும் கணக்கின்படி, வயதுவந்தோர் கட்டிய தண்டம் ஓராண்டில் தீர்கிறது. ஓராண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனை, முடிந்தபின் 1 ஆண்டிலும், அதற்குமேல் 4 ஆண்டு வரையிலானது 4 ஆண்டிலும், 4 ஆண்டுக்கு மேற்பட்டது, பாரிய வன்செயலும் பாலியற் குற்றமும் போன்ற சில நீங்கலாக, 7 ஆண்டிலும் தீர்ந்துவிடுகிறது.

தமிழர் பெருந்தொகையாக வாழும் சிங்கப்பூரில், மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறையோ இரண்டாயிரம் வெள்ளிக்கு மேற்படாத தண்டமோ பெற்றவர், சில நிபந்தனைகளுக்கு அமைந்து ஐந்து ஆண்டு குற்றமின்றி வாழ்ந்தால், பதிவு தீர்ந்துபோனதாகக் கொள்ளப்படும். “உமக்குக் குற்றப் பதிவு உண்டா?” என்ற வினாவுக்கு அவர் சட்டப்படியே “இல்லை” எனலாம். கனடாவில் விண்ணப்பித்துப் பதிவைத் தனியே ஒதுக்கிவைக்கச் செய்யலாம். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்குச் சிறு குற்றங்களுக்கு 5 ஆண்டும் பெருங் குற்றங்களுக்கு 10 ஆண்டும் காத்திருப்புக் காலமாக விதித்தது. அயல்நாடாகிய இந்தியாவில், 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், அதன்கீழ் விடுவிக்கப்பட்டவருக்குக் குற்றத்தீர்ப்பினால் வரும் தகுதியீனம் சேராது என்கிறது. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டமோ இன்னும் ஒரு படி சென்று, கொடிய குற்றம் செய்த பதினாறு வயதுக்கு மேற்பட்ட சிலரை விலக்கி, ஏனைய சிறுவரின் பதிவுகளை உரிய காலத்தின்பின் அழித்துவிடவே பணிக்கிறது.

இவற்றுக்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்த ஒருவனைப் பள்ளிக்கூடக் காவலனாக வைக்கலாமா? பிறர் பணத்தைக் கையாடியவனிடம் கூட்டுறவுச் சங்கத்துப் பெட்டியைக் கொடுக்கலாமா? பாதிக்கப்பட்டவர் மறக்க முடியாதிருக்க, சட்டம் மட்டும் மறப்பது நீதியா? இவை தள்ளிவிடத்தக்க கேள்விகள் அல்ல. அதனாலேதான் மேற்சொன்ன நாடுகள் எல்லாம் விதிவிலக்குகளை வைத்துள்ளன. சிறுவரோடும் நோயாளரோடும் பழகும் வேலைகளுக்குப் பழையவையும் கேட்கப்படுகின்றன; பாரிய குற்றங்கள் என்றும் தீர்வதில்லை. மறப்பதும் அளந்தே மறக்கப்படுகிறது. எந்தக் குற்றம், எந்த வயதில், எத்தனை ஆண்டுக்கு முன், எந்த வேலைக்கு என்ற நான்கையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயமான அளவுகோல். “எப்போதாவது” என்ற ஒரே சொல்லால் எல்லோரையும் அளப்பது எளிது, ஆனால் நீதியன்று. வேலை கிடையாதவன் பழைய வழிக்கே திரும்புவானாயின், சமூகம் தேடிய பாதுகாப்பும் கைநழுவிப் போகும் என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இந்நாட்டில் அத்தகைய சட்டம் வரும்வரை தோட்டப்புறத்து இளைஞரும் பெற்றோரும் அறிந்து நடக்கவேண்டியவை சில உள்ளன. வழக்கு என்று வந்தால், “ஒப்புக்கொண்டு முடித்துவிடு” என்ற ஆலோசனையை உடனே ஏற்கலாகாது. குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொண்டவருக்கு மேன்முறையீட்டு வழி பெரிதும் அடைபட்டுவிடும். சட்டத்தரணி வைக்க வசதியற்றவர், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 306ஆம் பிரிவின்கீழ் விடுவிக்கக் கோர இடமுண்டா என்றும், இணக்கமாகத் தீர்க்க முடியுமா என்றும் முன்னதாகவே கேட்டறிதல் வேண்டும். நீதிமன்றத்தில் வழங்கும் மொழி விளங்காவிடின், மொழிபெயர்ப்பைக் கேட்கும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தந்திருக்கிறது. விளங்காத மொழியில் வாசித்த குற்றப்பத்திரத்துக்குத் தலையசைப்பது ஆபத்து. நீதவானின் தீர்ப்பு தவறென்று தோன்றினால் மேன்முறையீட்டுக்கு 14 நாட்களே உண்டு, அந்நாட்களை வீணாக்கலாகாது. வழக்கு முடிந்தபின் தீர்ப்பின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியைப் பெற்றுப் பத்திரமாக வைத்திருத்தல் நன்று. விடுவிக்கப்பட்டவன் அதைக் காட்டியே தன் பெயரைக் காக்கலாம். தண்டம் கட்டியவனும் தன் குற்றம் எத்தனை சிறியதென்று அதைக் கொண்டே விளக்கலாம்.

படிவத்தின்முன் பேனாவோடு நிற்பவனுக்கும் ஒரு சொல். பொய்யான விடை எழுதுவதால் பழையது மறைவதில்லை; பின்னர் வெளிப்படும்போது, சிறிய பழைய குற்றத்தின்மேல் பெரிய புதிய குற்றம் ஏறிக்கொள்ளும்; கிடைத்த வேலையும் போகும். உண்மையை எழுதி, ஆண்டையும் குற்றத்தையும் விதித்த தண்டத்தையும் குறிப்பிட்டு, அதன்பின் வழக்கெதுவும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுவதே பாதுகாப்பான வழி. வெளிநாடு செல்வோர் இன்னொன்றையும் மனத்திற்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படியே கேட்கிறது. தன் மக்களின் பழைய குற்றங்களை மறக்கும் இங்கிலாந்தே, குடிவரவு விஷயத்தில் அந்த மறதியைக் காட்டுவதில்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. சறுக்கிய யானை எழுந்து நடந்தபின், சறுக்கிய இடத்தையே காட்டி அதனை நிறுத்திவைப்பார் இல்லை. இறம்பொடை மலைச்சாலையில் வண்டி ஓட்டும் சாரதி எவனும், பின்னே போன வளைவுகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்து ஓட்டுவதில்லை; முன்னே வரும் வளைவைப் பார்த்தே ஓட்டுகிறான். மூன்று ஆண்டுப் பிணையையும், ஏழு ஆண்டு வாக்குரிமை எல்லையையும் சட்டத்தில் எழுதிவைத்த ஒரு நாடு, மனிதன் திருந்துவான் என்பதை ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நாடு. ஒப்புக்கொண்டதை வேலைக்கான படிவத்தின் அந்த ஒரு வரியிலும் எழுதிவிடுதல் கடினமன்று. “எப்போதாவது” என்பதை நீக்கி, “கடந்த இத்தனை ஆண்டுக்குள்” என்று எழுதும் நாளில், பதினைந்து ஆண்டாக ஒழுங்காக வாழ்ந்த அந்தச் சாரதி தயக்கமின்றித் தன் படிவத்தை நிரப்பி முடிப்பான்.